பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் நூலகத்தில்தான் இருக்கிறார்கள்

மாவட்ட, கிளை நூலகர்களுக்கும் கல்லூரித் தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

பருவத்துக்கு ஓர் அசைன்மெண்ட் என்று மாணவர்கள் எழுதித் தருவதை இருபது ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். இணையத்திலிருந்து பார்த்து எழுதிய பத்துப் பக்கம். நான் ஒருவன் புரட்டுவேன். மதிப்பெண் போட்டதும் துறை அலமாரிக்குப் போகும், அங்கிருந்து பழைய பேப்பர் கடைக்கு. பிள்ளைகளின் உழைப்பு இப்படிப் போவது எனக்கு நெடுநாள் வருத்தம். போன இரண்டு பருவங்களாக அதை விக்கிமூலத்துக்குத் திருப்பிவிட்டேன். பழைய நூல்களை எழுத்து வடிவில் எவரும் இலவசமாகப் படிக்கவும் திருத்தவும் கூடிய இணைய நூலகம் அது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களை மின்படமாக்கி, எவரும் தடையின்றி எடுத்தாளும் உரிமத்தில் கொடுத்தது. அப்படி வந்தவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் விக்கிமூலத்தில் உள்ளன. பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் வேலையைக் கணினி முன்பே செய்து வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும், ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிவிடும். புள்ளி மங்கியிருந்தால் ‘மண்’ணை ‘மண’ என்று படிக்கும். இந்தப் பிழைகளோடு கிடக்கிறவரை அந்த நூலில் ஒரு சொல்லைத் தேடினாலும் அகப்படாது. பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பானில் போட்டுக் கேட்டால் பாதி வரி புரியாது.

ஆகவே மனிதர் ஒருவர் உட்கார்ந்து, ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து என்று வைத்து, வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தி முடித்தால் அந்தப் பக்கம் மஞ்சள் நிறமாகும். வேறொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. திருத்தியவரே பச்சை போட முடியாது.

முதல் நாளிலேயே ஒரு சிக்கல் வந்தது. நாங்கள் எடுத்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல். ‘னை’, ‘லை’ எல்லாம் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு இருந்தன. ‘றா’, ‘னா’ போன்றவை கால் தனியாக இல்லாமல் சுழிந்து கிடந்தன. கணினியும் தடுமாறியிருந்தது, இருபது வயதுப் பிள்ளைகளும் தடுமாறினார்கள். நாங்கள் இருந்தது ஒரு கிளை நூலகத்தில். பக்கத்து மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “இது ‘னை’ பாப்பா. நான் பள்ளிக்கூடத்தில் எழுதிப் படித்த எழுத்து” என்றார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் படத்தைப் பார்த்துப் படிக்க, அந்த மாணவி தட்டச்சிட, மாலைக்குள் நான்கு பக்கங்கள் முடிந்தன. அடுத்த வாரம் அவர் தம் நண்பரையும் அழைத்து வந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தட்டச்சு வராது. தட்டச்சு தெரிந்தவர்களுக்குப் பழைய எழுத்து வராது. இந்த இரு தரப்பாரும் நாள்தோறும் வந்துபோகிற ஒரே இடம் உங்கள் நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு மூலையிலும் நாளிதழ் படிக்கிற பெரியவர்கள் இன்னொரு மூலையிலுமாக இருக்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை. அவர்களைச் சேர்த்து உட்காரவைக்க உங்களால்தான் முடியும்.

“யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் கெடுத்துவிட மாட்டார்களா?” என்று ஒரு நூலகர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் பிள்ளைகளே முதல் வாரம் அப்படிச் செய்தார்கள். ‘இராமன்’ என்று அச்சில் இருந்ததை எல்லா இடத்திலும் ‘ராமன்’ என்று மாற்றிவிட்டார்கள். மறுநாளே முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் அவற்றைப் பழையபடி ஆக்கி, ‘அச்சில் உள்ளபடியே இருக்கட்டும்’ என்று உரையாடல் பக்கத்தில் பொறுமையாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாவதால் எதையும் மீட்டுவிடலாம். ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. யார், எந்த நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்று அந்த வரலாறே காட்டிவிடும். மதிப்பெண் போட வேறு சான்று தேவையில்லை. ஒரு மூலத்தை உள்ளபடி காப்பது என்றால் என்ன என்று பதிப்பியல் வகுப்பில் நான் ஒரு மாதம் சொல்வதை அந்தத் தன்னார்வலரின் ஒரு வரிக் குறிப்பு சொல்லிக்கொடுத்துவிட்டது.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் வளர்ந்தது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்க்கும் நூலகம் திட்டத்தையும் 2005இல் தன்னார்வலர்களே தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய நாளிதழ்களின் எழுத்துப் பிழைகளை வாசகர்களே திருத்தும்படி தன் தளத்தைத் திறந்துவிட்டிருக்கிறது.

நூலகர்களே, நான் கேட்பது சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், நூலகத்தில் இருக்கும் கணினிகள், அவற்றின் பக்கத்தில் கூடுதலாக ஒரு நாற்காலி, அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது கடினம், அதனால்தான் கணினி கேட்கிறேன். விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்காதவர்களால் பக்கத்தின் நிறத்தை மாற்ற முடியாது. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்கவும் விடாது. எனவே பிள்ளைகளை வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். இது தெரியாமல் எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் வீணானது.

தமிழாசிரியர்களே, ஒரே ஒரு அசைன்மெண்டை மட்டும் இதற்கு விட்டுக்கொடுங்கள். ஆளுக்குப் பத்துப் பக்கம் போதும். அறுபது பேர் உள்ள வகுப்பு ஒரே பருவத்தில் அறுநூறு பக்கங்களைத் திருத்திவிடும். சிறிய நூல்களானால் மூன்று நான்கு முடிந்துவிடும்.

எந்த ஊரில் தொடங்கினாலும் முதல் இரண்டு சனிக்கிழமைகள் நான் வந்து கூட உட்காருகிறேன். பேருந்துச் செலவு என்னுடையது. உங்கள் நூலகத்துக்கு நாள்தோறும் வரும் பெரியவர்களில் பழைய எழுத்து படிக்கக்கூடியவர் யார் என்று மட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
ஒரு கல்லூரித் தமிழாசிரியர்