நோயாளியின் ஒதுக்கத்தையும் நோய்க்குறியாகப் பதியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காலபோக வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதும், அதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் எடுக்கலாம் என்பதும் எங்கள் ஊர்களில் பலருக்குத் தெரியும். ஆனால் வயலால் வந்தவர் பேச்சைக் குறைத்து, சோற்றைத் தள்ளிவிட்டு, விறாந்தை மூலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால், வீட்டார் அதை வேலைக் களைப்பு என்றோ சோம்பல் என்றோ, மருமகளாக இருந்தால் கோபம் என்றோதான் எடுத்துக்கொள்கிறார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வாகனம் தேடுகிறார்கள்.

அந்த ஒதுக்கம் உடம்பே செய்யும் வேலை. கிருமியை எதிர்க்கும் வெண்குழியங்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களின் செய்தி இரத்தத்தின் வழியாகவும் உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையை அடையும்போது, பசியும் பேச்சு விருப்பமும் அடங்கி உறக்கம் மிகுகிறது. நோயை வெல்வதற்காக உடல் தன் சக்தியைச் சேமிக்கும் ஒழுங்கு இது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் பெஞ்சமின் ஹார்ட் 1988 இல் விளக்கினார். நலமாயிருந்தவர்களுக்குப் பாக்டீரியா நச்சைச் சிறிதளவு ஊசியாக ஏற்றிய ஆய்வொன்றின் முடிவு 2010 இல் வெளியானது; அவர்களுக்கு மற்றவர்களிடமிருந்து தாம் விலகிப்போனதான உணர்வு கூடியிருந்தது. ஆயினும், அத்தகைய நிலையில் நெருங்கிய உறவை அருகில் வைத்திருக்கும் விருப்பம் கூடுவதாகவும் பின்வந்த ஆய்வு காட்டியது. நோயாளி ஊராரை விட்டு விலகினாலும் தன் ஆட்களைத் தேடுகிறார் என்பதை இதில் முக்கியமாகக் கருதுகிறேன்.

மறுபக்கமும் உண்டு. உளவியலாளர் ஷெல்டன் கோஹனின் 1997 ஆய்வில் 276 பேரின் மூக்கில் தடிமன் வைரசுத் துளிகள் விடப்பட்டபோது, பலவகை உறவுகள் உள்ளோருக்குத் தடிமன் வந்தது குறைவாகவே இருந்தது. போரில் துணையை இழந்தோ, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டோ தனித்து வாழும் முதியோர் நிறைந்த வன்னிக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய செய்தியன்று.

ஆகவே, காய்ச்சலோடு வருபவரிடம் சாப்பாடு, உறக்கம், பேச்சு எப்போது மாறின என்றும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பதியுமாறு வேண்டுகிறேன். தனியே இருப்பவர் வீடு திரும்பினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ குடும்பநல உத்தியோகத்தரோ அந்த வாரத்திலேயே ஒருமுறை படலையைத் திறந்து பார்த்து வர ஒழுங்கு செய்யுங்கள். தொற்று அபாயம் இல்லாத விடுதிகளில், பார்வையாளர் நேரம் முடிந்த பின்னும் நோயாளி கேட்கும் ஒருவரைக் கட்டிலருகே இருக்க விடுமாறு வைத்தியசாலைகளுடன் பேசுங்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்ட விவசாயக் குடும்பத்தவர் ஒருவர்