போட்ட முதல் எத்தனை பிரதியில் திரும்பும்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. 20 கோடி டாலரில் எடுத்த வீடியோ கேம், ஒன்று 70 டாலர் வீதம் 50 லட்சம் பிரதி விற்றும் நஷ்டம் என்கிறார்களே, எப்படி என்று கேட்டிருந்தாய். கணக்கு பிசகுவது அந்த 70-இல்தான்.

ஐரோப்பாவில் விலைக்குள்ளேயே வரியும் அடக்கம். 20 சதவீத வரி உள்ள நாட்டில் 70-இல் வரி போக நிற்பது 58.33. ஆன்லைன் கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் 40.83. (கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில், ஒரு கேமின் வருவாயில் 1 கோடி டாலரைத் தாண்டும் பகுதிக்கு 25, 5 கோடியைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதம்.) இதெல்லாம் முழு விலைக்குப் போன பிரதிக்கு மட்டும். சில மாதங்களில் தள்ளுபடி தொடங்கும், பல நாடுகளில் விலையே குறைவு, ரீஃபண்ட் வேறு. எல்லாம் கலந்து சராசரி 28 டாலர் என்று வை: 50 லட்சம் பிரதிக்கு 14 கோடி. தயாரிப்புச் செலவையே எட்டவில்லை. விளம்பரச் செலவை இன்னும் தொடவே இல்லை.

செலவில் பெரும்பங்கு சம்பளம். 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போன சோனி ஆவணங்களில் கறுப்பு மை சரியாக மறைக்காததால் இரண்டு கேம்களின் தயாரிப்புச் செலவு வெளியே தெரிந்தது: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' 22 கோடி டாலர், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' 21.2 கோடி. இரண்டாவதில் 300 பேர், 5 ஆண்டு வேலை.

வெளியீடு தள்ளிப்போனால் இதனால்தான் வலிக்கிறது. கடைசிக் கட்டத்தில் ஆள்பலம் உச்சத்தில் இருக்கும். 300 பேர், ஆளுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 10,000 டாலர் என்றால் 6 மாதத் தாமதம் 1.8 கோடி. அதே 28 டாலர் வீதம் சுமார் 6.4 லட்சம் பிரதி கூடுதலாக விற்றாக வேண்டும்.

சோனியின் 'ஸ்பைடர்மேன் 2' கேம் பற்றிக் கசிந்த ஆவணங்களில் பட்ஜெட் 31.5 கோடி, முதல் திரும்ப முழு விலையில் 72 லட்சம் பிரதி என்று இருந்தது. வகுத்துப் பார், பிரதிக்கு 43.75 டாலர். சொந்த ஆன்லைன் கடை வைத்திருக்கும் சோனிக்கே இவ்வளவுதான் தேறுகிறது. டிஸ்க் விற்கும் கடைக்காரர் பங்கும் மார்வெல் உரிமத் தொகையும் இருக்கின்றனவே. மறுபக்கம், 'சைபர்பங்க் 2077' என்ற கேமுக்கு 80 லட்சம் முன்பதிவு வந்தது. டிஜிட்டல் முன்பதிவு வரவே தயாரிப்புச் செலவைத் தாண்டிவிட்டது என்று 2020 டிசம்பரில் அதை எடுத்த நிறுவனமே அறிவித்தது. அப்படி அமைவது அபூர்வம். எல்லாரும் அதை வைத்தே பட்ஜெட் போடுவதுதான் எனக்குக் கவலை.

கேம் எடுக்கும் ஸ்டுடியோவுக்காக உன் மருமகன், பணம் போட்டு வெளியிடும் பப்ளிஷருடன் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் ஊன்றிப் படிக்கச் சொல். முன்பணம் 2 கோடி, ஸ்டுடியோ பங்கு 20 சதவீதம் என்று வை. முன்பணத்தை மொத்த நிகர வரவிலிருந்து கழித்தால், வரவு 2 கோடியைத் தாண்டியதுமே ஸ்டுடியோவுக்குப் பங்கு வரத் தொடங்கும். ஸ்டுடியோவின் பங்கிலிருந்து மட்டும் கழித்தால் நிகர வரவு 10 கோடியைத் தொடும்வரை ஒரு காசு வராது. பப்ளிஷர் அதற்கு வெகு முன்பே லாபத்தில் இருப்பார். விளம்பரச் செலவும் அந்தக் கழிவில் சேருமா, அதற்கு உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போடட்டும். ஒப்பந்த நகலை அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு