ஐரோப்பாவோட கடைசித் தோப்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஐரோப்பாவோட பழைய இயற்கை வழிபாடு பத்தி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல இந்த மேட்டருக்கு இவ்ளோ இடம் கிடைச்சதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல தேங்க்ஸ். ஆனா படிச்சு முடிச்சதும் கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. ஸ்டோன்ஹெஞ்ச் படத்தைப் போட்டு, இதை ட்ரூயிட் பூசாரிங்க கட்டினாங்கன்னு ஒரு வரி. அந்தக் கல்லை நட்டு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான் ட்ரூயிட்னு ஆளுங்களே சரித்திரத்துல தலை காட்டுறாங்க சார். சரி அதை விடுங்க, "ஐயாயிரம் வருஷமா துளியும் மாறாம அப்படியே தொடருது"ன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் வேலை விஷயமா லிதுவேனியாவுல, வில்னியஸ்ல இருக்கேன். ஐரோப்பாவுல கடைசியா கிறிஸ்தவத்துக்கு மாறின நாடு இதுதான், உங்க கட்டுரைல பேரு கூட வரல. யோகைலான்னு இங்க இருந்த பெரிய பிரபு, போலந்து ராணியைக் கட்டிக்கிட்டு அங்க ராஜா ஆகணும்னு 1386-ல ஞானஸ்நானம் வாங்கினாரு, அடுத்த வருஷம் வில்னியஸ் வந்து ஜனங்களையும் மாத்தினாரு. அணையாம எரிஞ்ச நெருப்பை அணைச்சு, தோப்பை வெட்டி, வீட்டுல வச்சுக் கும்பிட்ட பாம்பை அடிச்சுன்னு எல்லாம் நடந்துச்சுன்னு போலந்து வரலாற்றாசிரியர் த்லூகோஷ் எழுதி வச்சிருக்காரு. இத்தனைக்கும் அஞ்சு வருஷம் முன்னாடிதான், 1382-ல, அதே யோகைலாவோட சித்தப்பா கெஸ்துதிஸை குதிரை, ஆயுதம், வேட்டை நாய் எல்லாத்தோடயும் சேர்த்து வச்சு இதே ஊர்ல எரிச்சாங்க. மேற்குப் பக்கம் சமோகிதியா 1413-லதான் மாறுச்சு.

அப்போ தொடர்ச்சி எங்க இருக்கு? அறுந்துதான் போச்சு. அந்தக் காலத்து ஜனங்க தங்க சாமிங்களைப் பத்தித் தாங்களே எதுவும் எழுதி வைக்கல, நமக்குத் தெரியிறதுல பாதிக்கு மேல அவங்களை ஒழிக்க வந்தவங்க எழுதினது. சிலுவைப்போர் வீரர்கள் பக்கம் இருந்த துஸ்புர்க்னு ஒரு பாதிரியார் 1326 வாக்குல பக்கத்து நாட்டு பிரஷ்யர்களைப் பத்தி எழுதுறாரு, சூரியன் நிலா இடின்னு ஆரம்பிச்சு தேரை வரைக்கும் கும்பிடுறாங்களாம், சில காட்டுல மரம் வெட்டவோ சில தண்ணில மீன் பிடிக்கவோ யாரும் துணிய மாட்டாங்களாம். இங்க ஒண்ணு சொல்லணும், உங்க கட்டுரை இதை "இயற்கையை ரசித்த மக்கள்"னு ஸ்வீட்டா முடிச்சிருச்சு. ரசனை இல்லீங்க அது, பயமும் கட்டுப்பாடும். இங்க சமோகிதியா ஜனங்க 1320-ல போர்ல பிடிபட்ட ஒரு ஜெர்மன் தளபதியைக் குதிரையோட சேர்த்து உயிரோட எரிச்சுப் பலி குடுத்ததாவும் எழுதியிருக்கு. அழகா இருக்கிறதை மட்டும் பொறுக்கி எடுத்தா எப்படி?

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெரோம் கதை. ப்ராக் ஊர்க்காரர், துறவி, யோகைலாவுக்கு அப்புறம் இங்க பெரிய பிரபுவா இருந்த வீத்தவ்தாஸ் ஆட்சில மதம் பரப்ப வந்தவர். அவரே சொன்னதை, பின்னாடி போப் ஆன பிக்கோலோமினி கேட்டு எழுதி வச்சிருக்காரு. ஒவ்வொரு தோப்பா வெட்டிக்கிட்டே போறாங்க, நடுவுல ஒரு பழைய ஓக் மரம், அதை வெட்ட ஒருத்தனும் முன்வரல. ஒருத்தன் தைரியமா கோடாலியை ஓங்கினான், அது அவன் கால்லயே இறங்கிருச்சு. ஜெரோம் அது பிசாசு வேலைன்னு சமாளிச்சு அந்த மரத்தையும் வெட்ட வச்சுட்டாரு. அப்புறம் பொம்பளைங்க கூட்டமா வீத்தவ்தாஸ் கிட்ட அழுதுக்கிட்டே போய் நின்னாங்க. மழை வேணும்னாலும் வெயில் வேணும்னாலும் அங்கதான் போய்க் கேப்போம், சாமி வீட்டையே வெட்டிட்டாங்க, இனிமே சாமியை எங்க போய்த் தேடுறதுன்னு. ஊரு கொந்தளிச்சிரும்னு பயந்து அவரு ஜெரோமைத்தான் நாட்டை விட்டுக் கிளம்பச் சொன்னாரு. அந்தப் பொம்பளைங்க கேட்டதுல இருக்கிற நியாயம் இன்னைக்குப் படிச்சாலும் சுருக்குனு இருக்கும், இவ்ளோத்தையும் எழுதி வச்சது எதிர்ப்பக்கத்து ஆளுன்றதுதான் வேடிக்கை. இன்னொண்ணு, 1547-ல அச்சான முதல் லிதுவேனிய மொழிப் புத்தகமே ஒரு கிறிஸ்தவ போதனை நூல்தான், அதோட முன்னுரைலயே இந்தந்தச் சாமியை விட்டுருங்கன்னு பேரு போட்டு எழுதியிருக்கு, அதாவது ஞானஸ்நானம் ஆகி நூத்தம்பது வருஷம் ஆகியும் ஜனங்க விடல.

எங்க விடலைன்னா, வீட்டுக்குள்ள. ராத்திரி அடுப்புத் தணலை சாம்பல் போட்டு மூடும்போது கபியான்னு நெருப்புத் தாயைக் கூப்பிட்டு தூங்குன்னு சொல்லுவாங்க, பக்கத்துல ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணி வைப்பாங்க அவ கழுவிக்க, நெருப்புல துப்பக்கூடாது, மிதிக்கக்கூடாது. பீர் குடிக்கும்போது முதல் சொட்டு மண்ணுல, மண் தாய் ஜெமீனாவுக்கு. இதெல்லாம் சர்ச்சுக்கு ஒழுங்காப் போன பாட்டிங்க செஞ்சதுதான், நாட்டார் வழக்கு சேகரிக்கிறவங்க கிராமம் கிராமமா கேட்டு எழுதினது.

இப்ப நடக்கிற திருவிழா வேற கதை. 1967-ல, சோவியத் ஆட்சில, கெர்னவேன்னு பழைய மண்கோட்டை மேடுங்க இருக்கிற ஊர்ல ரசோஸ்ங்கிற நடுக்கோடைத் திருவிழாவை இளைஞர்கள் பழைய பாட்டுங்களை வச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. நாலு வருஷத்துல அரசாங்கம் அந்த இளைஞர்களோட அமைப்பை முடக்கிருச்சு, அதை முன்ன நின்னு நடத்தின யோனாஸ் த்ரின்கூனாஸுக்கு 1973-ல யுனிவர்சிட்டி வேலையே போச்சு. நான் அங்க போயிருக்கேன். பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்குது, தலைல காட்டுப்பூ வளையத்தோட பாட்டிங்க ஒரே வரியை மாத்தி மாத்தி ரெண்டு குரல்ல பாடுறாங்க, ரெண்டும் இடிக்கிற மாதிரி இருக்கும் ஆனா அதுதான் அந்தப் பாட்டோட லட்சணம். பின்னாடி சாசேஜ் கடை, பீர் க்யூ, ட்ரோன் விடுற பையன். மெழுகுவத்தி வச்ச பூ வளையம் ஆத்துல போகும்போது என் பக்கத்துல இருந்த பொண்ணு யாருது முதல்ல மூழ்குதுன்னு பெட் கட்டிக்கிட்டிருந்துச்சு. இதைப் பழசுன்னும் சொல்ல முடியாது, டூப்புன்னும் சொல்ல முடியாது, அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டிருக்காங்க, முடிச்சு வெளிய தெரியுது, எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல.

ரோமுவான்ற அவங்க சமய அமைப்பு 1992-ல பதிவாச்சு. 2011 கணக்கெடுப்புல பழைய பால்டிக் நம்பிக்கைன்னு சொன்னவங்க 5,118 பேர்தான், நாட்டுல முக்கால்வாசி கத்தோலிக்கர்கள். அரசு அங்கீகாரம் கேட்டாங்க, 2019-ல பார்லிமென்ட் முடியாதுன்னுருச்சு, ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை கோர்ட்டு 2021-ல அது பாகுபாடுன்னு தீர்ப்பு சொல்லி, கடைசில 2024 டிசம்பர்லதான் குடுத்தாங்க. உங்க கட்டுரைல இது ஒரு வரியாவது வந்திருக்கணும்.

அப்புறம் அந்தப் பெட்டிச் செய்தி, "லிதுவேனியர்கள் உண்மையில் இந்துக்களே"ன்னு. (பாத்தீங்களா, நாட்டோட பேரு வந்த ஒரே இடம் இதுதான், அதையும் நான் ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் கவனிச்சேன்.) வாட்ஸ்அப்ல சுத்துற அதே மெசேஜ். லிதுவேனிய மொழியும் சமஸ்கிருதமும் தூரத்து சொந்தம், சில சாமிங்களுக்கும் ஒற்றுமை சொல்லுறாங்க, அது ஆராய்ச்சி பண்றவங்க பேச வேண்டிய விஷயம். ஆனா அறுநூறு வருஷமா ஒருத்தன் இல்ல ஒருத்தன் வந்து நீ யாருன்னு நான் சொல்றேன்னு அவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கான், நம்மளும் அந்த க்யூவுல போய் நிக்கணுமா? அந்தப் பெட்டிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
வில்னியஸ்