தமிழ்நாட்டுச் செய்தி ஆசிரியர்களுக்கு, ரங்கூனிலிருந்து

வணக்கம். பர்மாவில் குண்டு விழுந்தால் 'தீவிரவாதிகள் பலி' என்று சட்டென்று தலைப்பு வைத்துவிடுகிறீர்களே, அது பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பேஸ்புக்கில் ஒரு பதிவைப் பகிர்ந்ததற்கே பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தில் ஆட்களைப் பிடிக்கும் ஊர் இது.

இங்கே யார் பயங்கரவாதி என்பது எந்த வருஷம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்கே ராக்கைன் மாநிலத்தில் ராணுவத்தோடு சண்டை போடும் ஆயுதக் குழுவான அரக்கான் ஆர்மியை 2020 மார்ச்சில், ஆங் சான் சூ கீ ஆட்சியில், பயங்கரவாத இயக்கம் என்று அறிவித்தார்கள். 2021 மார்ச்சில், ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த ராணுவம், நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய நேரத்தில் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2024 செப்டம்பரில் மறுபடி சேர்த்தது. அதற்குள் ராக்கைனில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிருந்தது. இயக்கம் என்னவோ அதேதான்.

சூ கீ கட்சிக்காரர்கள் கதை இன்னும் விசேஷம். 2017 ஆகஸ்டில் ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழுவைப் பயங்கரவாதிகள் என்று அறிவித்தது அவர்கள் ஆட்சிதான். அந்தப் பேச்சின் மறைவில் ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்த, 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். (அவர்களையும் இங்குள்ள தமிழர்களான எங்களையும் ஒன்றாகச் சேர்த்து 'கலா' என்று, இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் சொல்லால், ஏசுகிறவர்கள் இங்கே நிறைய.) 2021 மார்ச் 1 அன்று, பெரும்பாலும் அதே சூ கீ கட்சியினரான, பதவி பறிக்கப்பட்ட எம்.பி.க்களின் குழு ராணுவ ஆட்சியைப் பயங்கரவாதக் குழு என்றது. மே 8 அன்று ராணுவம் அந்தக் குழுவையும் ராணுவத்துக்கு எதிராக அமைந்த போட்டி அரசான தேசிய ஐக்கிய அரசையும் அதன் ஆயுதப் பிரிவான மக்கள் பாதுகாப்புப் படையையும் அப்படியே அறிவித்தது.

2023 ஏப்ரல் 11, சகாயிங் மாகாணத்தில் பாசிஜி கிராமம். ஒரு அலுவலகத் திறப்புக்குக் கூடியவர்கள் மேல் விமானம் குண்டு போட்டது. 150 பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகளும்தான். பயங்கரவாதிகளைத் தாக்கினோம் என்றது ராணுவம். அதை அப்படியே தமிழில் போட்டால் அந்தக் குழந்தைகளை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. ஒருவனை 'டலான்', அதாவது ராணுவத்துக்கு ஆள்காட்டி, என்று சொல்லிவிட்டால் போதும், விசாரணை ஏதுமின்றிச் சுட்டுப்போட்ட சம்பவங்கள் எத்தனையோ. ராணுவ ஆட்சியின் கீழ் வேலை பார்த்த வட்ட நிர்வாக அதிகாரிகள் பலர் அப்படிச் செத்தார்கள். உண்மையில் காட்டிக்கொடுத்தவன் யார், பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று அப்புறம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இதையும் 'துரோகிகள் ஒழிப்பு' என்று போடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. எந்தக் குழு, எந்த ஊர், யார் செத்தார்கள், யார் சொன்னது என்று எழுதுங்கள். பயங்கரவாதி என்று ராணுவம் சொன்னால் ராணுவம் சொன்னதாகப் போடுங்கள், மற்றவர்கள் சொன்னால் அவர்கள் பெயரில் போடுங்கள். 2022 ஜூலையில் மணிப்பூர் எல்லை ஊரான மோரேயிலிருந்து எல்லை தாண்டி, பர்மா பக்கத்து ஊரான தமு போன இரண்டு தமிழ் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்களே, ராணுவ ஆதரவுக் குழு மீது சந்தேகம் விழுந்ததே, அப்போது இந்தக் கேள்விகளையெல்லாம் நீங்களே கேட்டீர்கள். அதே கேள்விகளைச் சின் இனத்தவருக்கும் ரோஹிங்கியாக்களுக்கும் பர்மியருக்கும் கேளுங்கள். தமு பக்கம் ஏதாவது நடந்தால், மோரேயில் இன்னும் தமிழர்கள் இருக்கிறார்கள், தலைப்பு வைப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.