ஐப்பசி மழைக்கு முன் காப்பகம் மேட்டுக்குப் போக வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

நம் காப்பகத்து விலங்குகள் தங்கியிருக்கும் அரிசி ஆலைக் கொட்டகையைச் செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் காலி செய்து கொடுத்தாக வேண்டும். படப்பைக்கு அப்பால் மேட்டு நிலத்தில் தொடங்கிய கட்டட வேலை பாதியில் நிற்கிறது. ஆகும் செலவு ரூ.39,00,000. இதுவரை சேர்ந்தது ரூ.24,15,000. துண்டு விழுவது ரூ.14,85,000. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று குழு முடிவு செய்ததால் தொகையை முதல் வரிகளிலேயே எழுதிவிட்டோம்.

ஆலை உரிமையாளரைக் குறை சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் ஈரத் துணியோடும் நாய்களோடும் போய் நின்றபோது, பொங்கல் வரை வைத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். பொங்கல் போய், சித்திரை போய், ஆடியும் போய்விட்டது. வாடகை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. இப்போது சொர்ணவாரி நெல் வந்து இறங்குகிறது. கொட்டகையில் நாய்கள் படுத்திருக்க, அவருடைய மூட்டைகள் வெளியே தார்ப்பாயின் கீழ் கிடக்கின்றன. இதற்கு மேலும் அவர் பெருந்தன்மையில் குளிர் காய்வது நமக்கு அழகல்ல.

மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது 2023 டிசம்பர் 5-ஆம் தேதி. அதற்கு முன் 3, 4 தேதிகளில் சென்னைக்கு எதிரே கடலில் நகராமல் நின்று பெய்த மழைதான் நம்மை அழித்தது. நகரின் பல இடங்களில் இரண்டே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு அடையாற்றுக் கரையில் இருந்த நம் காப்பகத்தின் வாசல்படி வரை தண்ணீர் வந்தது. விடியற்காலையில் கூண்டுகளின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. இரவுக் காவலர்கள் இருவரும் முதலில் செய்த வேலை எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டதுதான். மேடான இடத்துக்குத் தாமாக நீந்திப் போகத் தெரிந்த நாய்கள் பிழைத்தன. பின்கால் விளங்காதவற்றை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கித் தகரக் கூரைக்கு ஏற்றினார்கள். பூனைகள் மருந்து அலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டன. அன்று நம்மிடம் 143 நாய்களும் 36 பூனைகளும் இருந்தன. அந்த இரவில் 11 நாய்களையும், அடுத்த சில வாரங்களில் எலிக்காய்ச்சலிலும் நிமோனியாவிலும் 6 நாய்களையும் இழந்தோம். பூனைகளில் ஐந்து போயின. வெள்ளத்தில் பிழைத்த விலங்கு பிழைத்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்ற நாய்க்கு, தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆபத்தே தொடங்குகிறது.

ஆற்றங்கரையில் போய் ஏன் காப்பகம் கட்டினீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1994-ல் தாம்பரத்தின் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் மூவர் தங்கள் வருங்கால வைப்புநிதியிலிருந்து பணம் எடுத்து அந்த நிலத்தை வாங்கியபோது, சுற்றிலும் வயல்கள் இருந்தன. ஆறு பெருகினால் வயலில் பரவும், இரண்டு நாளில் வடியும். இன்று அந்த வயல்களில் மனைகளும் சுற்றுச்சுவர்களும் நிற்கின்றன. தண்ணீர் பரவ இடமில்லாமல் உயர்கிறது. வெள்ளம் என்றாலே தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கம் ஏரி என்கிறார்கள். 2015 டிசம்பரில் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கத்தில். நம் பழைய காப்பகம் இருந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆற்றில் அதற்கு மேலே இருக்கிறது. எங்களை மூழ்கடிப்பது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தபோதும் அப்படித்தான் ஆனது. அதே தண்ணீர் எட்டு ஆண்டுகளில் இரண்டாம் முறை வந்திருக்கிறது. மூன்றாம் முறை வரும்போது நாம் அங்கே இருக்கக் கூடாது என்பதைத் தவிர இந்தக் குழுவுக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது.

அந்த மூன்று ரயில்வேக்காரர்களைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் வற்புறுத்துகிறார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாளில் தெருநாயைப் பிடித்துக் கொல்வதுதான் உள்ளாட்சிகளின் வழக்கம். 1996-ல்தான் சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்திக் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆட்கள் பிடிவண்டிக்கு முன்னால் மறித்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னோடிகள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் குரல் கொடுத்த பின்னர்தான் 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1959-ல் சென்னை மழையில் தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் ப்ளூ கிராஸ் தொடங்கியது. வெள்ளத்திலிருந்து நாயைத் தூக்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பார் நம் ஐயா.

அவர் அதோடு விடவும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்லில் பெயரோடு வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் எடுத்த நாட்டில், நாய் தங்கக் கல்லும் மணலும் கேட்டுக் கையேந்த வேண்டியிருக்கிறதே என்பது ஐயாவின் வருத்தம். கூட்டத்தில் இதை அவர் சொன்னபோது கைதட்டல் பலமாக இருந்தது. உண்டியலில் அன்று விழுந்தது ரூ.1,340.

இனி, வெள்ளத்துக்குப் பிறகு நடந்தவை. படகில் ஆட்களை மட்டுமே ஏற்றினார்கள். சங்கிலியில் கட்டியிருந்த நாயை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நாயை விட்டு வர மாட்டேன் என்று மொட்டை மாடியிலேயே தங்கிய முதியவர்களும் உண்டு. 2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் கத்ரீனா புயலில் மூழ்கியபோதும் இதே கதைதான். அடுத்த ஆண்டே அங்கே மீட்புத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் ஊரில் அந்த வேலையைச் சட்டம் செய்யவில்லை, மீனவர்கள் செய்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் சுற்று வட்டாரத்திலிருந்து 58 நாய்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் 23 நாய்களைச் சொந்தக்காரர்கள் தேடி வந்து அழைத்துப் போனார்கள். மீதியைத் தேடி யாரும் வரவில்லை. கழுத்துப் பட்டையோடு, நகம் வெட்டி, ஷாம்பூ வாசனை போகாத லாப்ரடார்களும் அவற்றில் இருந்தன. வண்ணார் ஒருவர் வைத்திருந்து கைவிட நேர்ந்த கிழட்டுக் கழுதையும் அப்படித்தான் நம்மிடம் வந்தது.

வீடு தேடித் தருவது இரக்கத்தால் மட்டும் நடக்கிற காரியமல்ல. முதல் மாதத்தில் 52 நாய்கள் வீடுகளுக்குப் போயின, 9 திரும்பி வந்தன. வாடகை வீட்டில் நாய் கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டார், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரவில் குரைக்கிறது என்று எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. அதனால் இப்போது வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கொடுப்பதில்லை. கருத்தடை, ரேபிஸ் ஊசி, கூட்டுத் தடுப்பூசி எல்லாம் முடிந்த பிறகே நாய் வாசலைத் தாண்டும். ஒரு நாய்க்கு இதற்கெல்லாம் சேர்த்து ரூ.2,300 ஆகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாப்ரடார்கள் இரண்டே வாரத்தில் வீடு சேர்ந்தன. நம் நாட்டு நாய்கள் இன்னும் காத்திருக்கின்றன. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று மேடையில் பெருமை பேசுபவர்கள், தெருவில் பிறந்த கறுப்பு நாய்க்குத் திண்ணையில் ஓர் ஓரம் தர யோசிக்கிறார்கள். இன்றைக்கு இருப்பவை 118 நாய்கள், 19 பூனைகள், மேலே சொன்ன கழுதை. நாய்களில் முப்பதுக்கு மேல் கால் இழந்தவை, கண் தெரியாதவை, கிழடு தட்டியவை. அவற்றைக் கேட்டு யாரும் வரப் போவதில்லை. கடைசி வரை அவை நம் பொறுப்பு.

செலவு விவரம் இதுதான். நிலம் நம் அன்பர் ஒருவர் பதினைந்து ஆண்டுக் குத்தகைக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் கொடுத்தது. அதில் தரையை நிரப்பி நான்கு அடி உயரத்துக்குக் கருங்கல் மேடை எழுப்ப ரூ.9,20,000. மேடை மேல் 22 கூண்டறைகள், ஒன்று ரூ.62,000 வீதம் ரூ.13,64,000. தொற்று நோய்க்குத் தனியறை, பூனையறை, மருந்தறை ஆகியவற்றுக்கு ரூ.5,40,000. பார்வோ என்ற தொற்று நோய் வந்த குட்டியை மற்றவற்றோடு வைத்தால் கூண்டே காலியாகிவிடும். எனவே தனியறையைக் குறைக்கச் சொல்லி ஆலோசனை தந்தவர்கள் மன்னிக்கவும், அது குறையாது. ஆழ்குழாய்க் கிணறு, தொட்டி, மின் இணைப்பு, கம்பி வேலிக்கு ரூ.6,76,000. கூண்டு பொருத்திய பழைய சரக்கு வேனுக்கு ரூ.4,00,000. அடுத்த புயல் எச்சரிக்கை வரும்போது ஆட்டோவுக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்க முடியாது. மேடையும் எட்டுக் கூண்டறைகளும் முடிந்துவிட்டன. விநாயகர் சதுர்த்திக்குள் அடுத்த தவணை வராவிட்டால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் பிழைப்பையும் நாம் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடுகிறது. கான்கிரீட் இறுக வேண்டிய நாட்களையும் கணக்கில் சேர்த்தால் மிஞ்சும் அவகாசம் மிகக் குறைவு.

இதுவரை கை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெள்ளத்தன்று கோவளம் பக்கத்திலிருந்து லாரியில் படகுகளை ஏற்றி வந்த மீனவச் சகோதரர்கள் டீசல் காசு கூட வாங்கவில்லை. அவர்களின் வீட்டுக் கூரைகளும் அன்று பறந்திருந்தன. தாம்பரம் சந்தையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் அன்றிலிருந்து இன்று வரை நாள் தவறாமல் ஒரு கூடை தலைமீன் அனுப்புகிறார். அவர் பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். மண்டபத்தில் முதல் நான்கு நாள் இடம் கொடுத்து, கல்யாண மேடையில் நாய்கள் படுத்ததைப் பொறுத்துக்கொண்ட உரிமையாளருக்கும், மண்டபம் கழுவிக் கொடுத்த பெண்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பெட்டி பெட்டியாகத் தடுப்பூசி வாங்கித் தந்த ஐ.டி. இளைஞர்கள், தூங்காமல் குளுக்கோஸ் ஏற்றிய கால்நடை மருத்துவ மாணவர்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு துண்டு விரித்து ரூ.41,000 சேர்த்துத் தந்த பள்ளிவாசல் அன்பர்கள், கிறிஸ்துமஸ் குடிலைச் சிறிதாக்கி மிச்சத்தை அனுப்பிய தேவாலயப் பாடகர் குழு, தேய்பிறை அஷ்டமி தோறும் பைரவர் சன்னிதியில் வடைமாலையை நிறுத்தி அந்தப் பணத்தில் அரிசி வாங்கிக் கொடுக்கும் அம்மாக்கள், எல்லாருக்கும் எங்கள் கைகூப்பு. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று உண்டியலை உடைத்துக் கொடுத்த ரூ.786-க்கும் ரசீது எண் போட்டிருக்கிறோம்.

அதே நேரத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிசம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று தருவதாகச் சொன்ன தொகையில் ரூ.3,10,000 இன்னும் வரவில்லை. பெயர்கள் குழுவிடம் இருக்கின்றன. வாசிக்கப் போவதில்லை. அவரவர் மனசாட்சிக்கு விடுகிறோம். மேடையில் மாலை வாங்கிக்கொண்ட புகைப்படம் மட்டும் சுவரில் மாட்டியே இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்த சோபாவுக்கு இழப்பீடு கேட்டு வரிசையில் நின்றவர்கள், தெரு முனையில் தங்கள் வீட்டையே காவல் காத்த நாய் என்ன ஆயிற்று என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். பைரவரைச் சுற்றி வரும்போது அவர் பக்கத்தில் நிற்பது யார் என்பதைக் கண் திறந்து பார்த்தால் போதும், நாங்கள் இவ்வளவு எழுதத் தேவையில்லை.

ஒரு கூண்டறைக்கு ரூ.62,000 தருபவர்கள் விரும்பினால் பெற்றோர் பெயரைக் கல்லில் பொறித்துத் தருவோம். ஒரு நாள் உணவுக்கு ரூ.4,500. அதற்கும் கீழே எவ்வளவு தந்தாலும் சரிதான். வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது. 80ஜி வரிச்சலுகை உண்டு. ஆனால் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தரலாம். குடியுரிமை மாறியவர்களிடமிருந்து பணம் பெற நமக்கு அனுமதி இல்லை. உறவினர் கணக்கு வழியாக அனுப்புகிறேன் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு ஞாயிறு தோறும் காலை பத்து முதல் ஒரு மணி வரை கொட்டகையில் மேசை மேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

பணம் இல்லாதவர்கள் எம்-சாண்ட் ஒரு லோடு, சிமெண்ட் பத்து மூட்டை, இடம் மாற்றும் நாளில் ஒரு வண்டி என்று தரலாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீடு வீடாக அரிசி எடுக்க வருவோம். பழைய துணி மட்டும் வேண்டாம். டிசம்பரில் வந்ததே இன்னும் மூட்டையாகக் கிடக்கிறது, அவற்றில் இரண்டு பட்டுப் புடவைகளும் ஒரு கோட்டும் இருக்கின்றன. சாக்குப்பை இருந்தால் கொடுங்கள், நாய்கள் அதில்தான் படுக்கின்றன.

இப்படிக்கு,
காப்பக இடமாற்றக் குழுவினர்