ஞாயித்துக்கிழமைய பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க பேப்பர்ல வெளிநாட்டுப் படிப்பு பத்தி ஒரு முழுப் பக்கம் வந்திருந்துச்சு, அப்பா அத போட்டோ எடுத்து, ஓரத்துல அவரோட கட்டை விரலும் சேந்து விழுந்திருக்க, வாட்ஸப்ல அனுப்பினாரு. ஏபிஎஸ் சர்டிபிகேட் (நம்ம மார்க்ஷீட், டிகிரி எல்லாம் உண்மை தான்னு ஜெர்மன்காரங்க சரிபாத்துக் குடுக்கறது), பிளாக்டு அக்கவுண்ட் (படிக்கற செலவுக்குன்னு முன்கூட்டியே கட்டி வச்சு, மாசாமாசம் கொஞ்சமா மட்டும் எடுக்கற பேங்க் கணக்கு), எந்த மாசம் அப்ளை பண்ணணும், எல்லாம் கரெக்டா போட்டிருந்தீங்க. நானும் அந்த மாதிரி ஒரு பக்கத்த கட் பண்ணி வச்சுக்கிட்டு தான் 2024ல சிவகாசில இருந்து ஜெர்மனில கெம்னிட்ஸ்ங்கற ஊருக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். பிளாக்டு அக்கவுண்ட் அப்ப வருஷத்துக்கு 11,208 யூரோ, அந்த செப்டம்பர்லயே 11,904 ஆக்கிட்டாங்க, ரெண்டுமே நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல தான். இதெல்லாம் மனப்பாடமா தெரிஞ்சுக்கிட்டு வந்த எனக்கு இங்க ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்னு மட்டும் யாருமே சொல்லல.

கடை எதுவும் கிடையாது சார். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, எல்லாம் பூட்டு. காலைல கொஞ்ச நேரம் பேக்கரி, பெட்ரோல் பங்க், அவ்ளோ தான். நான் வந்த முதல் வாரம் தெரியாம சனிக்கிழமை எதுவும் வாங்காம விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை முழுக்க அம்மா கட்டிக் கொடுத்த பொரிவிளங்கா உருண்டையும் தண்ணியும் தான். சரி சும்மா இருப்பானேன்னு சேந்து போன காலி பாட்டில எல்லாம் எடுத்துட்டுப் போயி தெருமுனைல கண்ணாடி பாட்டில் போடறதுக்குன்னு வச்சிருக்கற தொட்டில போட்டேன், ரெண்டாவது பாட்டில் விழுந்த உடனே மாடில இருந்து ஒரு பாட்டிம்மா ஜன்னல திறந்து கத்து கத்துன்னு கத்தறாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல. பெறகு ரூம்மேட் தான் சொன்னா, ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாதாம், பாட்டில் போடறது, ட்ரில்லிங் மெஷின் எதுவும் ஆகாதாம். நம்ம ஊருல ஞாயித்துக்கிழமைன்னா கறிக்கடைல வெட்டுற சத்தம், பக்கத்து வீட்டு டிவி, எதிர்வீட்டு மிக்ஸி, ஏதாவது ஒரு கோயில் மைக்செட்டு. இங்க டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும், அப்ப ஊருல எட்டரை மணி, எல்லாரும் சாப்பிட்டு உக்காந்திருப்பாங்க. வீடியோ கால்ல எங்க வீட்டு ஃபேன் சுத்துற சத்தம் கேக்கும் பாருங்க, அதுக்காகவே கட் பண்ணாம வச்சிருப்பேன்.

தீபாவளி கதையும் சொல்லணும். அப்பா காலண்டர் அச்சாபீஸ்ல வேலை பாக்கறவர், அதனால பெட்டில ஒரு தினசரி காலண்டர் வச்சு அனுப்பியிருந்தாரு (ராகுகாலம் எல்லாம் நம்ம ஊரு டைம் தான், இருந்தாலும் தினமும் கிழிக்கறேன்). 2024 தீபாவளி அக்டோபர் 31 வியாழக்கிழமை. அன்னைக்கு எனக்கு கிளாஸ் இல்ல, லீவு! எப்படின்னா இந்த சாக்சனி மாநிலத்துல அக்டோபர் 31 அவங்களோட சீர்திருத்த நாள், கிறிஸ்தவ சபைய சீர்திருத்தின மார்ட்டின் லூதர் சம்பந்தப்பட்ட அரசு விடுமுறை. தீபாவளிக்கே லீவு விட்ருக்காங்கன்னு வீட்ல பெருமையா சொன்னேன். ஆனா லீவுன்னா அது இன்னொரு ஞாயித்துக்கிழமை தானே, அதே பூட்டு, அதே அமைதி. ராத்திரி பன்னண்டு மணிக்கு, ஊருல விடிகாலை நாலரை, அம்மா கால் பண்ணி எண்ணெய் வச்சியாடின்னு கேட்டாங்க, ஃபோனுக்குப் பின்னாடி சரவெடி சத்தம். இருபத்திமூணு வருஷம் சிவகாசில வளந்தவ, பட்டாசு சத்தம் இல்லாம ஒரு தீபாவளி. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பட்டாசு ஆபீஸ்ல வேலை பாத்தவங்க, எங்களுக்கு அது பண்டிகை மட்டும் இல்ல, சோறு.

இதுல என்ன விசேஷம்னா, ஜெர்மனில பட்டாசு உண்டு. டிசம்பர் கடைசி மூணு நாலு நாள்ல மட்டும் தான் கடைல விப்பாங்க, 31ஆம் தேதி ராத்திரி வெடிக்கலாம். எனக்கு யாரும் சொல்லல. பன்னண்டு மணிக்கு திடீர்னு தெரு முழுக்க படபடன்னு வெடிக்க ஆரம்பிச்சதும் சட்டையோட பால்கனிக்கு ஓடினேன், மைனஸ்ல குளிரு, ஞாயித்துக்கிழமை பாட்டிலுக்குக் கத்துன அதே பாட்டிம்மா கீழ நின்னு மத்தாப்பு பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அந்த மருந்து வாசனை மேல வந்துச்சு சார். எத்தனையோ நாள் தாக்குப்பிடிச்சேன், அன்னைக்கு முடியல, குளுர்ல நின்னு ஒரே அழுகை. மறுநாள் தெருவுல கிடந்த அட்டைய எடுத்து பாத்தேன், நம்ம ஊரு பேரு இருக்குமான்னு. சீனா.

இத படிச்சிட்டு பாவம் பிள்ளை கஷ்டப்படுதுன்னு யாரும் நினைக்க வேண்டாம், ஏன்னா அதே வாரத்துல தான் நான் நீச்சல் கத்துக்க பேர் கொடுத்தேன். அம்மாச்சி ஊருல தோட்டத்துக் கிணறு இருக்கு, லீவுக்குப் போனா மாமா பசங்க எல்லாம் தொபுக்குன்னு குதிப்பாங்க, நானும் சித்தி பொண்ணும் பம்புசெட்டு தொட்டியோட நிறுத்திக்கணும், வயசுக்கு வந்தப்புறம் அதுவும் கிடையாது. இங்க நகராட்சி நீச்சல் குளத்துல பெரியவங்களுக்கு வகுப்பு நடத்தறாங்க. சின்னப் பிள்ளைகளுக்கு கடல்குதிரைன்னு ஒரு பேட்ஜ் இருக்கு, கரைல இருந்து குதிக்கணும், 25 மீட்டர் நீந்தணும், தோளளவு தண்ணில முங்கி அடில கிடக்கற சாமான எடுக்கணும். ஆறு வயசு பிள்ளைங்க வாங்கற அந்த பேட்ஜுக்கு நான் நாலு மாசம் எடுத்துக்கிட்டேன். குதிக்கற அன்னைக்கு கால் நடுங்கிப் போச்சு, மனசுக்குள்ள அந்தக் கிணறு தான். இத அம்மாட்ட இன்னும் சொல்லல. முடி ஏன்டி செம்பட்டையா போச்சுன்னு கேட்டா தண்ணி சரியில்லம்மான்னு சொல்லி வச்சிருக்கேன், அது பொய்யும் இல்ல.

சாப்பாடு விஷயத்துல எங்க வீட்ல ஒரு பெரிய குழப்பம். ஐரோப்பாவுக்கு வெளில இருந்து கறி, பால் சேந்த எதையும் பெட்டில கொண்டு வரக்கூடாது, நெய்யும் கூடாது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கூடாது. மீனு மட்டும் ஒரு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் அனுமதி. அதாவது பால்கோவா குத்தம், கருவாடு குத்தம் இல்ல. அம்மா நம்பவே இல்ல, பெறகு நம்பி நெத்திலிக் கருவாட்ட மூணு கவர் போட்டு, அதுக்கு மேல அப்பாவோட பழைய வேட்டிய சுத்தி அனுப்பினாங்க. முதல் தடவ கொழம்பு வச்சப்ப ஜெர்மன் ரூம்மேட் மைனஸ் ஆறு டிகிரில எல்லா ஜன்னலையும் திறந்து விட்டா. சண்டையெல்லாம் இல்ல, அவளுக்கு நான் வச்சத திங்க முடியல, எனக்கு அவ காலைல பன்ல தடவித் திங்கற பச்சைப் பன்னிக்கறிய பாக்க முடியல, சரிக்கு சரி. ஆனா அவ வீட்டு சாப்பாடுன்னு வேகவச்ச உருளைக்கிழங்கும் குவார்க்கும் ஆளிவிதை எண்ணெய் ஊத்தி குடுத்தா, குவார்க்குன்னா கெட்டித் தயிர் மாதிரி, புளிப்பு கம்மி. அத நார்த்தங்கா ஊறுகாயோட தின்னு பாருங்க. இப்ப வாரம் ஒரு தடவ அது தான் என் ராத்திரி சாப்பாடு, ஊருக்கு வந்தாலும் தேடுவேன் போல. கருவேப்பிலைக்கும் பச்சரிசிக்கும் ஏசியா கடை, அதாவது நம்ம பக்கத்து நாட்டு சாமானெல்லாம் விக்கற கடை, கிழக்கு ஜெர்மனி காலத்துல கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த வியட்நாம்காரங்க ஒருத்தர் நடத்தறாரு, கருவாட்டு வாசத்துக்கு முகம் சுளிக்காத ஒரே மனுஷன்.

ஊருல போன் எடுத்தா ரெண்டே கேள்வி தான். நல்லா இருக்கேன்னா ஊர மறந்துட்டியா, ஒரு மாதிரி இருக்குன்னா பேசாம கிளம்பி வந்துரு. நீந்திட்டு வந்த அதே சாயங்காலம் ஃபேன் சத்தத்துக்கு அழுவேன், இத எந்த கேள்விக்கு பதிலா சொல்றது? அப்பா பாவம், மார்க் 1.7னு சொன்னதும் ரொம்ப நேரம் பேசவே இல்ல, இங்க 1 தான் முதல் மார்க்கு, 5 வாங்கினா தான் ஃபெயில்னு புரிய வைக்க அரை மணி நேரம் ஆச்சு. இதயாவது அடுத்த தடவ அந்தப் பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க சார், எத்தனை அப்பாமாரு பயந்து போயிருக்காங்களோ. கூடவே சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வைக்கணும்ங்கறதையும், முதல் குளிர்காலத்துல ஞாயித்துக்கிழமை யாரோடயாவது சேந்து சமைக்கணும்ங்கறதையும், வர்றதுக்கு முன்னாடி அம்மாட்ட ரசமும் முடிஞ்சா நீச்சலும் கத்துக்கிட்டு வரணும்ங்கறதையும்.

பேரு போட வேண்டாம், சிவகாசி மாணவின்னு மட்டும் போட்டா போதும். அப்பா பேப்பர எடுத்தா முதல்ல ஆசிரியர் கடிதம் தான், அதுவும் அடுப்படில இருக்கற அம்மாவுக்கு கேக்கற மாதிரி சத்தமா படிப்பாரு. கருவாடு வேட்டி மேட்டர் வரும்போது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும், நீச்சல் அதுக்கு முன்னாடியே வந்திருக்கும், திரும்ப ஒரு தடவ படிங்கன்னு அம்மா சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை கால்ல கேக்கட்டும், சொல்லிக்கறேன்.

இப்படிக்கு,
சிவகாசி மாணவி,
கெம்னிட்ஸ், ஜெர்மனி.