லென்ஸை விற்காதே, அடாப்டரைப் பார்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. ஹீலியோஸ் 44-2 என்ற பழைய 58 மி.மீ. சோவியத் லென்ஸை வாங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. கிட்டத்தில் முகம் பளிச்சென்று விழுகிறது, தூரத்து மரமும் கட்டிடமும் மங்கிப்போகின்றன, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. இது அநேகமாக அடாப்டர் கோளாறு, அதாவது லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையத்தின் கோளாறு.

உன் ஹீலியோஸ் எம்42 என்ற திருகு வகை. எம்42 லென்ஸ் உட்காரும் தளத்துக்கும் பிம்பம் விழும் தளத்துக்கும் நடுவே 45.46 மி.மீ. இருக்க வேண்டும். உன் சோனி கேமராவின் இ மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 27.46 மி.மீ.யைத்தான் அடாப்டர் நிரப்புகிறது. அது வெறும் 0.1 மி.மீ. தடித்துப்போனாலும் 58 மி.மீ. லென்ஸ் சுமார் 34 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. 28 மி.மீ. லென்ஸ் என்றால் எட்டு மீட்டரிலேயே நின்றுவிடும். அகல லென்ஸ்களில்தான் இந்தக் குறை முதலில் அகப்படும்.

இதற்குப் பயந்தே மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாகக் கடைகிறார்கள். அப்போது ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியை (மிகத் தொலைவைக் காட்டும் ∞) தொடும் முன்பே தூரம் தெளிவாகி, அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். லென்ஸில் பொறித்த தூர அளவுகளை நம்ப முடியாதே தவிர, படம் பிடிக்கத் தடையில்லை. இப்படி மெலிந்த அடாப்டரின் மவுண்ட் தகட்டைத் திருகாணிகளால் பிடித்திருந்தால், அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். தடித்த அடாப்டரை வீட்டில் தேய்க்க மட்டும் முயலாதே, சாய்ந்துவிடும். ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கும். மாற்றிக் கேள்.

சோதிப்பது இப்படி: அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப் 2-இல் முழுக்கத் திற, ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுரத்தையோ கம்பத்தையோ பார், திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பு. ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் காட்டும் பீக்கிங் வண்ணத்தை மட்டும் நம்பாதே, அது தாராளமாகவே பொய் சொல்லும்.

நிக்கான் எஃப் லென்ஸ்களும் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே தொல்லை வேறு: ஆட்டம். ஃபோகஸ் இழுக்கும்போது பிம்பம் ஒரு துளி குதிக்கும். ஸ்டில் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், வீடியோவில் கண்ணை உறுத்தும். அடாப்டரின் நாக்குகளில் சிறு பிளவு இருந்தால், மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் முடியளவு விரித்துவிடு, பிடி இறுகும். ‘ஜி’ வகை லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது. அதற்குத் தனி வளையம் உள்ள அடாப்டர் வேண்டும், அதிலுள்ள எண்களும் உத்தேசம்தான். கேனான் இஎஃப் லென்ஸுக்கு மின்தொடர்பு இல்லாத அடாப்டரை வாங்கவே வாங்காதே: அப்பர்ச்சர் அசையாது, 50 மி.மீ. எஸ்டிஎம் மாதிரியானவற்றில் ஃபோகஸ் வளையமே வேலை செய்யாது.

அடாப்டரின் உள்சுவர் பளபளப்பாக இருக்கிறதா பார். வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் லென்ஸ் கோட்டிங்கைத் திட்டாதே, உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டு. ஓரம் உரிந்து சென்சாரில் நூல் விழாமல் ஒட்டுவது முக்கியம்.

0.71 ஸ்பீட் பூஸ்டர் பற்றிக் கேட்டாய், அதாவது பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்கிப் பிரகாசமாக்கும் கண்ணாடி உள்ள அடாப்டர். ஏபிஎஸ்-சி பாடிக்கு (சிறிய சென்சார் கேமராவுக்கு) நல்லதுதான்: 58 மி.மீ. எஃப் 2, ஏறக்குறைய 41 மி.மீ. எஃப் 1.4 ஆகிவிடும், ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடும், அதாவது இரட்டிப்பாகும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமில் மூலைகள் இருண்டுவிடும். மலிவு வகைகளில் ஓரங்கள் குழையும். அப்பர்ச்சரைச் சுருக்கினால் நடுவில் நீலப் பொட்டு தோன்றும். மாட்டும் முன் லென்ஸை முடிவிலியில் வைத்து, பின்பக்கம் எவ்வளவு உள்ளே நீள்கிறது என்று கையில் வைத்தே பார்த்துவிடு. பூஸ்டர் கண்ணாடியில் இடித்தால் இரண்டுக்கும் சேதம்.

பாடியில் இரண்டு அமைப்புகள்: லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி அனுமதி கொடு, ஸ்டெடிஷாட் (கேமராவின் நடுக்கம் குறைக்கும் வசதி) இருந்தால் குவியத்தூரத்தைக் கையால் பதிவு செய். 58 என்றே போடு, 1.5 ஆல் பெருக்காதே. பூஸ்டர் இருந்தால் 41. தப்பான எண் கொடுத்தால் படம் கூழ் மாதிரி ஆடும்.

கையில் மிச்சப் பணம் இருந்தால் மூன்றாவது லென்ஸ் வேண்டாம், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வாங்கு. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50, எஃப் 2.8 என்றால் ஆறு ஸ்டாப் குறைக்க வேண்டும். லாக் (பின்னால் வண்ணம் திருத்த ஏற்ற வீடியோ முறை) எடுக்க ஐ.எஸ்.ஓ. 800 என்றால் ஒன்பது. 77 மி.மீ.யில் ஒரே நல்ல ஃபில்டர் போதும், ஒவ்வொரு லென்ஸுக்கும் ஸ்டெப்-அப் ரிங் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்டும் வளையம்) போட்டுக்கொள். ஹீலியோஸுக்கு 49-77. திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் வகை ஃபில்டரை அதன் கடைசி எல்லைவரை திருப்பினால் அகல லென்ஸில் பெருக்கல் குறி போல இருட்டு விழும்.

ஹீலியோஸில் முன்அமைப்பு வளையத்தை (அப்பர்ச்சர் எதுவரை சுருங்கலாம் என்று வரம்பு வைப்பது) 16-இல் வைத்துவிட்டால் மற்ற வளையம் சொடுக்கில்லாமல் 2 முதல் 16 வரை வழுக்கிக்கொண்டு போகும், ஓடும் ஷாட்டிலேயே வெளிச்சத்தை மாற்றலாம். கோபுரச் சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுது. அதுவரை நிக்கான் அடாப்டருக்குச் சொல்லி வைக்காதே.

அன்புடன்,
செல்வம்